பதிவேட்டில் ஒரு கருப்பையா

சைகோன், பூ மி ஹங்
20 ஜூன் 2021

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை மாலை ஆறே காலுக்கு, நமது பதினான்காம் மாடி வீட்டின் கூடத்தில், நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒரு முடிவு எடுக்கப்பட்டது. உங்கள் மகன் இனி 'பெரியவன்' என்றும், என் மகன் 'சின்னவன்' என்றும் அழைக்கப்படுவார்கள். பெரியவனின் தாயார் அலமேலு அண்ணமிண்டி முன்மொழிய, சின்னவனின் தாயார் தெய்வானை வழிமொழிந்தாள். நான் தலைமை வகித்தேன். சம்பந்தப்பட்ட இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதன் அவசியம் உங்களுக்குப் புரியும். மூத்த பேரனுக்குப் பாட்டனார் பெயர் என்பது நம் வழக்கம். நாம் இருவர். இருவருக்கும் பதினெட்டு நாள் இடைவெளியில் ஆண் பிள்ளை. ஆக வீட்டில் இரண்டு கருப்பையா. மாமனார் பெயரை வாயால் சொல்ல மருமகள்கள் இருவரும் மறுக்கிறார்கள். மூன்று வாரமாக இரண்டு பிள்ளைகளும் "இவன்", "அவன்" என்றே வளர்ந்துவந்தார்கள்.

எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனை எடுத்தால் அப்பச்சி ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள். நெஞ்சைப் பிளந்து தைத்த தகப்பனாரிடம் இந்த ஊரில் நோய் பரவும் வேகத்தை எப்படிச் சொல்வது? ஆகவே நல்ல செய்தி போனில், மற்றது மின்னஞ்சலில் கடிதமாக என்று வைத்துக்கொள்வோம்.

அப்பச்சியின் ஆபரேஷனுக்காக நீங்கள் மார்ச்சில் புறப்பட்டபோது இரண்டு மாதத்தில் திரும்புவதாகத்தான் இருந்தது. விமானம் கிடைக்கும்வரை உங்கள் வீடும் என் வீடுதான், உங்கள் பிள்ளையும் என் பிள்ளைதான். ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் போட வேண்டிய ஊசிகள் இருவருக்கும் போட்டாகிவிட்டன. அடுத்தது இரண்டு மாதம் முடிந்ததும். பெரியவனுக்கு ஜூலை 12.

அப்பச்சியின் தையல் ஆறிவிட்டதா? ஆத்தா முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறார்களா? எழுதவும்.

தம்பி,
ஏகப்பன்


காரைக்குடி
28 ஜூன் 2021

அன்புள்ள தம்பி ஏகப்பனுக்கு,

உன் தீர்மானம் கிடைத்தது. தையல் ஆறிவிட்டது. ஆத்தா எண்ணெய் போடுகிறார்கள், பலன் எண்ணெய்க் கடைக்காரருக்கு. நான் நலம் என்று டாக்டர் சொல்கிறார்.

இங்கே போன மாதம் நம் தெருவில் மட்டும் ஏழு பேர் போய்விட்டார்கள். அப்பச்சியிடம் மூன்று என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே கடிதம் நல்ல ஏற்பாடுதான்.

அப்பச்சி தினமும் கேட்பது ஒன்றே ஒன்று: "ஏண்டா மாணிக்கம், எம் பேரனுங்களுக்கு ஊசி போட்டாகளா? அங்க ஊசி நல்லா இருக்குமாடா?" அவருடைய தங்கை ஒருத்தி கக்குவான் இருமலில் ஒன்றரை வயதில் போனவள். அதை இத்தனை வருடத்தில் முதல்முறையாக என்னிடம் சொன்னார்.

என் மகனை நான் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. அலமேலு வீடியோவில் காட்டுகிறாள், பாதி நேரம் கூரைதான் தெரிகிறது. நான் இங்கிருந்து செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம். ஒவ்வொரு கடிதத்திலும் அதைக் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதே. ஜூலை 12 ஊசி போட்டதும் ஒரு வரி எழுது.

அலமேலுவையும் தெய்வானையையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
கரியமாணிக்கம்


சைகோன்
18 ஜூலை 2021

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

இங்கே அனைவரும் சுகம், அசையாமல் இருப்பதை அப்படிச் சொல்லலாம் என்றால். ஒன்பதாம் தேதி முதல் ஊரையே பூட்டிவிட்டார்கள். டான் சோன் நாட் விமான நிலையத்தில் இருந்த என் சரக்கு அலுவலகம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. வார்டு சுகாதார நிலையத்தில் எல்லோரும் நோய்ச் சோதனைக்குப் போய்விட்டதால் குழந்தைகளுக்கான ஊசி மறு அறிவிப்பு வரும்வரை இல்லை.

இதற்கிடையில் ஒரு நல்ல செய்தி. லான் என்ற மருத்துவ மாணவி போன் செய்தாள். பெருந்தொற்றுக் காலத்தில் பெற்றோருக்குத் தடுப்பூசி பற்றி என்ன தெரியும், பிள்ளைகளுக்குக் காலத்தில் போடுகிறார்களா என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். இருபது கேள்விகள். இரண்டாம் மாத ஊசி எத்தனை நோய்களைத் தடுக்கும்? ஐந்து என்றேன். பட்டியலும் கொடுத்தேன்: தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, மஞ்சள் காமாலையில் ஒரு வகை, மூளைக்காய்ச்சலில் ஒரு வகை. மருந்தை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்? இரண்டு முதல் எட்டு. நான் பத்து வருடமாக விமானத்திலிருந்து அந்தப் பெட்டிகளை இறக்குகிறவன். தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? பன்னிரண்டு நிமிடம் பதில் சொன்னேன். கடைசியில், இந்த ஊர் மரியாதைப்படி முறை வைத்து, "சித்தப்பா, இருநூறு பேரிடம் பேசிவிட்டேன், இருபதுக்கு இருபது வாங்கியது நீங்கள் ஒருவர்தான்" என்றாள்.

தெய்வானை அடுப்படியிலிருந்து, "அப்ப பிள்ளைகளுக்கு ஊசி?" என்றாள். அது அடுத்த பகுதி, இன்னும் கேட்கவில்லை என்றேன்.

நிலையம் திறந்த மறுநாள் உங்கள் மகன் அங்கே இருப்பான். இது என் வார்த்தை.

அப்பச்சி, ஆத்தாவுக்கு எங்கள் வணக்கங்கள்.

ஏகப்பன்


சைகோன்
19 ஆகஸ்ட் 2021

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

முதலில் அண்ணமிண்டியின் உடல்நிலை. நாலாம் தேதி சோதனையில் தொற்று என்று வந்து அழைத்துப்போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது காய்ச்சல் இல்லை. ஞாயிறன்று அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்குத் தொற்று இல்லை. பதினைந்து நாளாகத் தெய்வானைதான் இருவருக்கும் பால் கொடுக்கிறாள். ஒருவன் குடித்து முடிக்கும்போது மற்றவன் எழுந்துகொள்கிறான். அவளை உட்கார்ந்த நிலையில் மட்டுமே பார்க்கிறேன்.

நீங்கள் மூன்று முறை எழுதிய இரு வரிக் கடிதங்களுக்கு இது பதில். நிலையத்தைப் பதினேழாம் தேதி காலை மட்டும் திறந்தார்கள். பட்டியலில் உள்ள குழந்தைகளுக்கு மட்டும். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், அதற்கொரு அனுமதிச் சீட்டு. வார்டு ஊழியர் கீழே வாசலில் வந்து நின்று போன் செய்தாள். பட்டியலில் ஒரே ஒரு கருப்பையா. பெரியவனுடைய பிறந்த தேதி. சின்னவனைக் காணோம்.

கீழே இறங்கிப் போய்க் கேட்டால், "ஒரே வீடு, ஒரே போன் நம்பர், ஒரே பெயர். இரண்டு முறை எழுதிவிட்டார்கள் என்று ஒன்றை அடித்துவிட்டேன்" என்றாள். இரண்டு பிள்ளைகள் என்றேன். "ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைக்கு ஏன் ஒரே பெயர்?" தாத்தாவின் பெயர் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் பெரியவர்கள் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அவர்களை அவமதிப்பதாம். "தாத்தாவைத் திட்ட வேண்டும் என்றால் பிள்ளையைக் கூப்பிட்டால் போதுமா?" என்றாள். சின்னவன் பெயரைச் சேர்க்க விண்ணப்பம் எழுத வேண்டும், அதைப் பார்க்க ஆள் இல்லை.

பெரியவனுடைய புத்தகத்தில் முதல் தவணைக்கான முத்திரை விழுந்துவிட்டது. பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். தேதி, மருந்தின் தொகுதி எண், எடை எல்லாம் தெளிவாக இருக்கின்றன.

தெய்வானை எழுந்திருக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாள். நிறுத்துகிறேன்.

ஏகப்பன்


காரைக்குடி
23 ஆகஸ்ட் 2021

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், இன்று முதல் உண்மையாகவே. உன் படத்தைக் கணினியில் பெரிதாக்கி அப்பச்சிக்குக் காட்டினேன். வியட்நாம் எழுத்தை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "முத்திரை நல்லா அழுத்தமா விழுந்துருக்கு" என்றார். இரவு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். அலமேலு வீட்டுக்கு வந்து சேர்ந்ததாகப் போனில் சொன்னாள்.

உனக்கு நன்றி சொல்வது சரியாக இருக்காது. தெய்வானைக்குச் சொல். என் பிள்ளைக்குப் பால் கொடுத்தவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு விஷயம். முதலாவது, சின்னவன். என் மகனுக்குப் போட்டுவிட்டு உன் மகனை விட்டுவிட்டு வந்திருக்கிறாய். அது எனக்கு உறுத்துகிறது. நானாக இருந்தால் அப்படிச் செய்திருப்பேனா என்று யோசித்தேன். பதில் எழுத விருப்பமில்லை. சீக்கிரம் விண்ணப்பம் எழுது.

இரண்டாவது, எடை. பக்கத்தில் ஐந்து கிலோ நூறு கிராம் என்று இருக்கிறது. அலமேலு ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் பெரியவன் ஆறு கிலோ முந்நூறு இருந்ததாகச் சொல்லியிருந்தாள். பதிமூன்று நாளில் ஒரு கிலோவுக்கு மேல் இளைத்துவிட்டானா? பால் போதவில்லையா? மறைக்காமல் எழுது.

அண்ணன்,
கரியமாணிக்கம்


காரைக்குடி
12 செப்டம்பர் 2021

தம்பி ஏகப்பனுக்கு,

அனைவரும் நலம். எடை பற்றிக் கேட்டு இருபது நாள் ஆகிறது. போனில் கேட்டால் "கடிதத்தில் எழுதுகிறேன்" என்கிறாய். கடிதம் வரவில்லை. அலமேலுவைக் கேட்டால் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான் என்கிறாள். அப்படியானால் புத்தகத்தில் இருப்பது யார் எடை?

கரியமாணிக்கம்


சைகோன்
20 செப்டம்பர் 2021

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். வெளியே கால் வைக்கக்கூடாது என்பதால் ராணுவ வீரர்கள் காய்கறி கொண்டுவந்து தருகிறார்கள். போன வாரம் ஒன்பது கிலோ பூசணி வந்தது. அதைத் தவிர எல்லோரும் சுகம்.

எடை விஷயத்தை ஆழமாக ஆராய்ந்தேன். நிலையத்தில் இருப்பது தொங்குதராசு. முள் துருப்பிடித்தது. இரண்டாவதாக, தராசுக்கடியில் தரை சமமாக இல்லை. மூன்றாவதாக, மழைக்காலத்தில் இந்த ஊர்க் காற்றின் ஈரம் எண்பத்தைந்து சதவீதம், கம்பிச்சுருள் தளர இடமுண்டு. நான்காவதாக, எடை போடும் பெண் முகத்தில் கண்ணாடிக் கவசம் போட்டிருந்தாள், அது மூச்சில் பனித்திருந்தது. ஐந்தாவதாக, வீட்டுத் தராசில் நாம் பிள்ளையைத் துணியோடு வைக்கிறோம், அங்கே துணியில்லாமல். சரக்குத் துறையில் இந்த வேறுபாட்டை நாங்கள் தினமும் பார்க்கிறோம். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எடை ஒன்று, தராசு காட்டுவது ஒன்று. யாரும் பதறுவதில்லை.

பதினெட்டாம் தேதி மறுபடி ஒரு காலை திறந்தார்கள். பட்டியலில் அதே ஒரு பெயர். பெரியவனுடைய புத்தகத்தில் இரண்டாம் முத்திரையும் விழுந்துவிட்டது.

அண்ணமிண்டிக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது, படி ஏற முடியவில்லை. ஆகவே நிலைய வேலைகளை நானே பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏகப்பன்


காரைக்குடி
26 செப்டம்பர் 2021

அன்புத் தம்பிக்கு,

தராசைப் பற்றிய உன் கட்டுரை கிடைத்தது. அப்பச்சிக்கு அதை மட்டும் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஏகப்பனா? கணக்குப் பரீட்சையில விடை தெரியலைன்னா இப்படித்தான் நாலு பக்கம் எழுதுவான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆத்தா சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நேற்று அலமேலு வீட்டுத் தராசில் வைத்துக் காட்டினாள். ஏழு கிலோ இருக்கிறான். போகட்டும், தராசு கெட்டது என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் சின்னவன்? உன் கடிதத்தில் தராசுக்கு ஐந்து காரணம் இருக்கிறது, உன் பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. நாலு மாதம் முடியப்போகிறது, ஒரு தவணைகூடப் போடவில்லை. உன்னைப் போல விஷயம் தெரிந்தவன் எப்படி இவ்வளவு நிதானமாக இருக்கிறாய்? ஊசி இல்லாத பிள்ளை உன்னுடையது என்பதால் கேட்க யாருமில்லை என்று நினைக்கிறாயா? நான் கேட்கிறேன். அக்டோபரில் ஊரைத் திறக்கிறார்களாம். தனியார் மையத்துக்கு அன்றைக்கே கூட்டிப் போ. இதை அண்ணன் சொல்லாக எடுத்துக்கொள்.

எனக்கு நுழைவு அனுமதி இன்னும் வரவில்லை. நிபுணர் என்ற பிரிவில் விண்ணப்பித்திருக்கிறேன். எதில் நிபுணர் என்று கேட்டிருக்கிறார்கள்.

எல்லோருக்கும் என் அன்பு.

கரியமாணிக்கம்


சைகோன்
12 அக்டோபர் 2021

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அப்பச்சி சொன்னதையும்.

ஊரைத் திறந்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் பதினான்காம் மாடி வரை வருகிறது. ஒன்பதாம் தேதி, சின்னவனுடைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு டிஸ்ட்ரிக்ட் 1-இல் ஒரு தனியார் மையத்துக்குப் பிள்ளையோடு போனேன். கணினியில் தேடிவிட்டு, "கருப்பையாவுக்கு இரண்டு தவணை முடிந்துவிட்டது, மூன்றாவதற்கு இன்னும் நாள் இருக்கிறது" என்றார்கள். இது வேறு கருப்பையா என்றேன். பிறந்த தேதி புத்தகத்தில் தப்பாக எழுதியிருக்கிறது என்றார்கள். போட்ட பிள்ளைக்கு மறுபடி போட மாட்டோம், வார்டில் திருத்தி வாருங்கள் என்றார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். எனக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அந்த டாக்டர் வியந்தார். ஊசி போடவில்லை.

வார்டில் கேட்டால், இந்த வீட்டில் ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் உண்டு என்று இரண்டு தகப்பன்மாரும் கையெழுத்திட்ட கடிதம் வேண்டுமாம். உங்கள் கையெழுத்தை உடனே அனுப்பவும். உடனே என்பதை அடிக்கோடிட்டதாக நினைத்துக்கொள்ளவும்.

லான் மறுபடி கூப்பிட்டாள். ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம். முத்திரைப் பக்கத்தை அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன். நன்கு அறிந்த பெற்றோர், காலத்தில் ஊசி பெற்ற குழந்தை என்ற பத்தியில் நம் வீடு சேர்ந்துவிட்டது. இந்தச் செய்தியை அப்பச்சிக்குச் சொல்ல வேண்டாம்.

அண்ணா, விமானம் எப்போது?

ஏகப்பன்


காரைக்குடி
14 அக்டோபர் 2021

அன்புத் தம்பிக்கு,

கேட்ட கடிதம் இத்துடன். ஆங்கிலத்தில் ஒன்று, அதைச் சென்னையில் வியட்நாம் மொழியாக்கிய பிரதி ஒன்று. விஷயம் இதுதான்: கரியமாணிக்கத்தின் மகன் ஒரு கருப்பையா, ஏகப்பனின் மகன் ஒரு கருப்பையா, இருவரும் உண்மையான, தனித்தனியான குழந்தைகள்.

நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து அப்பச்சி என்னவென்று கேட்டார். சொன்னேன். "எம் பேரைப் பத்தின கடுதாசி, நான் போடாம எப்படி?" என்று பேனாவை வாங்கித் தானும் ஒரு கையெழுத்துப் போட்டார். ஆகவே மூன்றாவது கருப்பையாவும் சாட்சி.

நீ அண்ணா என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் மரத்திலிருந்து இறங்கத் தெரியாதபோது கூப்பிட்ட பிறகு இப்போதுதான். என்ன விஷயம்? போனில் சொல்ல முடியாதென்றால் எழுது. நான் யாருக்கும் படித்துக்காட்ட மாட்டேன்.

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

கரியமாணிக்கம்


சைகோன்
19 நவம்பர் 2021

மூத்தார் அவர்களுக்கு,

தெய்வானை வணங்கி எழுதுவது. உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதவில்லை. அவர்களை எழுதச் சொன்னேன். ஐந்து நாளாக மேசையில் உட்கார்ந்து "அன்புள்ள அண்ணன்" வரைதான் எழுதியிருக்கிறார்கள்.

பெரியவனுக்குப் பதிமூன்றாம் தேதி காய்ச்சல் வந்ததும், மறுநாள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அலமேலு ஆச்சி போனில் சொல்லியிருப்பார்கள். ஆச்சிக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் பதினேழு காலை இரண்டு பிள்ளைகளுக்கும் சட்டை போட்டுத் தயாராக வைத்திருந்தோம். பட்டியலில் ஒரு பெயர்தான் என்று வார்டுப் பெண் கீழேயிருந்து சொன்னாள். பெரியவன் முறை அது. அவன் என்னிடம் பால் குடித்துக்கொண்டிருந்தான். சின்னவன் குடித்து முடித்திருந்தான். "சீக்கிரம், ஒன்பது மணிக்கு மூடிவிடுவோம்" என்று அவள் சொன்னாள். உங்கள் தம்பி ஒரு நிமிடம் நின்றார்கள். பிறகு சின்னவனைத் தூக்கிக்கொண்டு, பெரியவனுடைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். பெரியவன் முறை என்று நான் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

செப்டம்பரிலும் அக்டோபர் கடைசியிலும் ஆச்சி எழும் முன்பே அப்படியே போனார்கள்; மூன்று முத்திரையும் சின்னவன் போட்டுக்கொண்ட ஊசிக்கு விழுந்தது. பெரியவனுக்கு ஒன்றுகூடப் போடவில்லை. காற்று வாங்க என்று ஆச்சியிடம் சொல்லித் தனியார் மையத்துக்குக் கூட்டிப்போனது பெரியவனைத்தான், சின்னவன் புத்தகத்தோடு. அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்கள் கையெழுத்துக் கடிதத்தைக் கொடுத்த பிறகு வார்டில் நாளைக்குத்தான் தேதி கொடுத்திருந்தார்கள்.

ஆச்சி ஆகஸ்டில் திரும்பி வந்த அன்று அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "இல்லைன்னா நான் அங்க படுத்துக்கிட்டுச் செத்துருப்பேன் தெய்வானை" என்றார்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டாச்சா என்று கேட்டதும் ஆச்சி அதே புத்தகத்தைக் காட்டினார்கள். முத்திரைகளைப் பார்த்துவிட்டு, அப்படியானால் ஊசி தடுக்கும் அந்த மூளைக்காய்ச்சலாக இருக்க வாய்ப்பு குறைவு என்று வேறு சோதனைகளுக்கு எழுதினார்கள். உங்கள் தம்பி பக்கத்தில் நின்றார்கள், பேசவில்லை. ஒரு நாள் முழுக்க அப்படிப் போனது. நான் சின்னவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மறுநாள் போய், டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு எனக்குத் தெரிந்த வியட்நாம் மொழியில் சொன்னேன். "பெயர் ஒன்று, பிள்ளை இரண்டு. இந்தப் பிள்ளைக்கு ஊசி இல்லை." அவர் வேகமாக உள்ளே போனார். அன்றைக்கே முதுகில் நீர் எடுத்துப் பார்த்தார்கள். அதேதான்.

உயிருக்கு ஆபத்து இல்லை என்று இன்று காலை சொல்லிவிட்டார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது. பால் குடிக்கிறான். ஆச்சியிடம் இன்று மாலை நானே சொல்லப் போகிறேன். அதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

மாமா அவர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தெய்வானை


சைகோன், டான் சோன் நாட்
12 பிப்ரவரி 2022

ஏகப்பனுக்கு,

நாங்கள் மூவரும் புது வீட்டில் இருக்கிறோம். விமான நிலையத்துக்குப் பக்கம், அலமேலுவின் மூச்சுக்கு மாடி இல்லாத வீடாகப் பார்த்தேன். என் பெட்டிகள் இரண்டு இன்னும் உன் வீட்டில் இருக்கின்றன. சனிக்கிழமை ஆள் அனுப்புகிறேன், நீ வர வேண்டாம்.

அப்பச்சிக்கு வாரம் ஒரு முறை நீயும் போன் செய். ஸ்பீக்கரில் போடுவார்கள். பிள்ளைகள் இருவரும் சுகம் என்று சொல், நானும் அதையே சொல்கிறேன்.

தெய்வானை அனுப்பிய சட்டைகள் வந்தன. அளவு சரியாக இருக்கிறது என்று அலமேலு சொல்லச் சொன்னாள்.

வார்டில் பதிவேட்டைத் திருத்திவிட்டார்கள். மூன்று தவணையும் சின்னவன் பெயருக்கு மாறிவிட்டது, போய் அவன் புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள். பெரியவனுக்கு முதல் தவணை ஜனவரி 24-ஆம் தேதி போட்டாகிவிட்டது. இரண்டாவது இம்மாதக் கடைசியில்.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவனுக்குச் செய்ய வேண்டிய காது பரிசோதனை நான்காம் தேதி நடந்தது. இரண்டு காதும் கேட்கவில்லை.

கரியமாணிக்கம்